ஆயிரத்தில் 30: எங்கள் மலைப்பாதையில் பெற்றோல் லொறி ஓடிய காலம்





இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

சென்ற தவணையில் தரம் 10 பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடத்தில் ஒரு வேலை கொடுத்தோம். "உங்கள் குடும்பத்தின் தொழில் வரலாற்றை ஒரு பக்கத்தில் எழுதி வாருங்கள்" என்றோம். ஒரு மகன் இரண்டே வரி எழுதியிருந்தார். "வாப்பா பிஸ்னஸ். அப்பாவும் பிஸ்னஸ்." அந்த வாப்பாவை நமக்கு நன்றாகத் தெரியும். கராஜ் வைத்திருக்கிறார். அந்தப் பிள்ளையின் அப்பா, அதாவது பாட்டனார், இந்தப் பாதையில் லொறிகளுக்குப் பிளக் மாற்றிக் கொடுத்த பாஸ்மாரில் ஒருவர். எண்ணெய் படிந்த கையைப் பற்றி வகுப்பில் எழுத அந்தப் பிள்ளைக்கு வெட்கம்.

ஏசத் தோன்றவில்லை. ஏனென்றால் நாமும் அந்த வயதில் இதையே செய்தவர்தான். நமது வாப்பா லொறி ஓட்டினார். பாடசாலையில் கேட்டால் "யாபாரம்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வோம். பாடப்புத்தகத்தில் மன்னர்களும் ஆளுநர்களும் இருந்தார்கள். லொறிக்காரர் யாரும் இல்லை. இல்லாத ஒன்றை வரலாறு என்று பிள்ளை எப்படி நம்பும்? அந்தப் பிள்ளைக்காகவும், நமக்காகவும் இதை எழுதுகிறோம்.

ஒரு சின்னச் சாமான்

மோட்டார் சைக்கிள், த்ரீவீல் வைத்திருக்கும் இளைஞர்களுக்குப் பிளக் தெரியும். வெள்ளைப் பீங்கான், கீழே மறை வெட்டிய இரும்பு, அடியில் நடுவே ஒரு கம்பி, அதன் முன்னால் ஓரத்திலிருந்து வளைந்து நிற்கும் இன்னொரு கம்பி. இந்த இரண்டுக்கும் நடுவில் வெறும் இடம். அந்த வெறும் இடத்தில்தான் பொறி பாய்கிறது. பொறி பாய்ந்தால் பெற்றோலும் காற்றும் கலந்த புகை வெடிக்கும், பிஸ்டன் இறங்கும், சில்லு சுழலும்.

அந்தக் காலப் பெற்றோல் லொறிகளில் அந்த இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 25 முதல் 35 பங்கு வரை இருக்கும். மில்லிமீற்றரில் 0.6 முதல் 0.9. தலைமயிர் பத்தை அடுக்கினால் வரும் தடிப்பு. ஆறு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால், ஒவ்வொரு பிளக்கும் 1500 தடவை பொறி விட வேண்டும். ஆறுக்கும் சேர்த்து நிமிடத்துக்கு 9000 பொறி. ஒவ்வொரு பொறியும் கம்பியில் ஒரு துளி தேய்மானத்தை விட்டுப் போகிறது. சில ஆயிரம் மைல் ஓடினால் இடைவெளி அகன்றுவிடும்.

இடைவெளி அகன்ற லொறி தட்டையான ரோட்டில் பெரிதாக எதையும் காட்டிக்கொள்ளாது. மலையில்தான் அதன் குட்டு வெளிப்படும். பாரத்தோடு ஏற்றம் ஏறும்போது சாரதி அக்ஸிலேட்டரை மிதிக்கிறார். சிலிண்டருக்குள் காற்றும் பெற்றோலும் அதிகமாகப் புகுந்து அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடக் கூட அதே இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு இன்னும் கூடிய வோல்ட் தேவை. கொயிலால் அதைக் கொடுக்க முடியாவிட்டால் பொறி பாயாது. எஞ்சின் "தப்பு அடிக்கும்", இழுவை போய்விடும். கண்டி வாவிப் பக்கமிருந்து அம்பிட்டியவுக்கு ஏறும் வளைவில், பின்னால் மூட்டைகளோடு, பழைய பிறேக்கோடு இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கிளீனர் பொடியன் குதித்துச் சில்லுக்குக் கட்டை போட வேண்டும். அதற்காகவே லொறியில் எப்போதும் ஒரு கட்டை இருக்கும்.

கொழும்பில் பிளக் பார்க்காமல் ஒரு மாதம் ஓட்டிவிடலாம். தலாத்துஓயா, மாரஸ்ஸன, ஹங்குரன்கெத்த என்று ஓடுகிறவருக்கு அது முடியாது. எங்கள் பகுதி ஆட்களின் கை இந்த வேலையில் தேறியதற்குக் காரணம் இந்த மலைதான்.

லொறிக்கு முன்னால்

இந்த மலைக்குப் பாரம் ஏற்றும் தொழில் நமக்குப் புதிதல்ல. கண்டி இராச்சிய காலத்தில் பொதி மாடுகளைக் கூட்டமாக ஓட்டிச் செல்லும் "தவளம்" முறை இருந்தது. கரையிலிருந்து உப்பும் கருவாடும் மலைக்கு வந்தன; இங்கிருந்து பாக்கும் மிளகும் இறங்கின. அரசனின் போக்குவரத்துப் பகுதியான "மடிகே"யில் முஸ்லிம்கள் முக்கிய பங்கு வகித்தார்கள். கண்டிப் பகுதியில் உள்ள நமது பழைய ஊர்கள் பலவற்றின் கதை அந்த மாட்டுத் தடங்களோடு சேர்ந்தது.

1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு – கண்டி வீதி வெட்டப்பட்டது. அந்த வேலையை நடத்திய கப்டன் டோசனின் நினைவுக் கோபுரத்தைக் கடுகண்ணாவையில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பொதி மாட்டின் இடத்துக்கு மாட்டு வண்டி வந்து, கோப்பித் தோட்டங்களின் பாரத்தைச் சுமந்தது. 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. அதே ஆண்டில்தான் ஜேம்ஸ் டெய்லர் ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார்.

ஆனால் ரயில் தண்டவாளம் ஹேவாஹெட்ட மலைக்கு ஏறவில்லை. தோட்டத்திலிருந்து கண்டி வரைக்கும் தேயிலைப் பெட்டி வர வேண்டும். கண்டியிலிருந்து தோட்டத்துக்கு அரிசியும் பசளையும் போக வேண்டும். அந்தக் கடைசித் துண்டுப் பாதையை முதலில் வண்டில்காரர் பார்த்துக்கொண்டார். பிறகு லொறிக்காரர் எடுத்துக்கொண்டார். தவளம் ஓட்டியவரின் பேரன் வண்டில்காரர் என்றால், வண்டில்காரரின் பேரன் லொறிக்காரர்.

பொறி வந்த வழி

பிளக் ஒரே நாளில் ஒருவர் கண்டுபிடித்த சாமான் அல்ல. 1860இல் எட்டியன் லெனுவார் பாரிசில் செய்த வாயு எஞ்சினில் மின்பொறி பயன்பட்டது. ஆனால் நம்பி ஓட்டும் அளவுக்கு அது வர இன்னும் 40 வருடம் பிடித்தது. 1902இல் ஜெர்மனியில் ரொபர்ட் பொஷ் கம்பனியில் வேலை செய்த கொட்லொப் ஹொனொல்ட் என்ற பொறியியலாளர் உயர் வோல்ட் மக்னீற்றோவையும் அதற்கேற்ற பிளக்கையும் உருவாக்கினார். இங்கிலாந்தில் ரேடியோ அலை ஆய்வுகளுக்குப் பேர்போன விஞ்ஞானி ஒலிவர் லொட்ஜின் மகன்மார் "லொட்ஜ்" பிளக் செய்தார்கள். அமெரிக்காவில் அல்பேர்ட் சாம்பியன் என்ற பிரெஞ்சு சைக்கிள் ஓட்டப் போட்டியாளர் பிளக் செய்யப் போனார். அவருடைய கடைசிப் பெயரில் "சாம்பியன்" பிளக், அவருடைய இரண்டு முதலெழுத்தில் "ஏ.சி." பிளக். ஒரே ஆளின் பெயரில் போட்டியிடும் இரண்டு கம்பனிகள்! கடையில் இந்த இரண்டில் எது நல்லது என்று நம் பெரியவர்கள் சண்டை பிடித்ததைக் கேட்டவர்கள் இதை அறிந்து கொள்ளுங்கள்.

அதன் பின் சார்ள்ஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கரின் பற்றரி – கொயில் முறை வந்தது. பற்றரியின் 6 அல்லது 12 வோல்ட்டைக் கொயில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேலே ஏற்றும். டிஸ்ரிபியூட்டர் அதை முறைப்படி ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கு போடும். நம் வாப்பாமார் அறிந்த லொறி இந்த முறைதான்.

1929இல் ஷெவர்லே கம்பனி ஆறு சிலிண்டர் எஞ்சினை மலிவாகக் கொண்டு வந்தது. 1931இல் இங்கிலாந்தின் லூட்டனில் "பெட்ஃபர்ட்" லொறி பிறந்தது. இரண்டும் ஜெனரல் மோட்டர்ஸ் குடும்பம். ஆறு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின், திறந்து பூட்ட இலகு, பாகம் கிடைக்கும். பெட்ஃபர்ட் என்பது இலங்கையில் ஒரு கம்பனிப் பெயராக இல்லாமல் லொறிக்கே ஒரு பெயராகிப் போனது அப்படித்தான்.

போர் கண்டிக்கு வந்தபோது

1944 ஏப்ரலில் தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைமையகத்தை மவுண்ட்பேட்டன் பிரபு புதுடில்லியிலிருந்து கண்டிக்குக் கொண்டுவந்தார். பேராதனைப் பூந்தோட்டம் தலைமையகமானது. 1945 நவம்பரில் அது சிங்கப்பூருக்குப் போகும்வரை கண்டி ஒரு படை நகரம். பாடப்புத்தகத்தில் இது ஒரு வரி. நம் ஊர்களுக்கு அது ஒரு தொழிற்கல்லூரி.

அந்தப் போரில் பிரித்தானியப் படைகளுக்கென்று பெட்ஃபர்ட் மட்டும் சுமார் 2 லட்சத்து 50 ஆயிரம் லொறிகளைச் செய்தது. கனடாவில் ஃபோர்ட்டும் ஷெவர்லேயும் ஒரே மாதிரி வடிவத்தில் 4 லட்சத்துக்கு மேல் இராணுவ வண்டிகளைச் செய்தன. ஒரு நாட்டில் செய்த பாகம் இன்னொரு நாட்டில் பொருந்த வேண்டும். நேற்றுப் படையில் சேர்ந்தவனும் பிளக் மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் வேலை படிப்படியாகப் பிரிக்கப்பட்டு, அளவு எண்ணாகச் சொல்லப்பட்டது. "கண்ணால் பார்த்துச் சரி" என்ற பழக்கம் போய், ஃபீலர் கேஜ் என்ற தகடுக் கட்டு கைக்கு வந்தது. படை வேலைக்குப் போன உள்ளூர் இளைஞர் திரும்பி வந்தபோது அந்தப் பழக்கத்தையும் கொண்டு வந்தார்கள்.

போர் முடிந்ததும் இராணுவத்துக்கு மிஞ்சிய லொறிகள் விற்பனைக்கு வந்தன. புதிய லொறி வாங்க வழியில்லாத சிறு யாபாரிகள் அவற்றை வாங்கி, பலகை அடித்து, பெயின்ட் பூசி ரோட்டில் இறக்கினார்கள். முஸ்லிம், சிங்களவர், தமிழர் என்று பாராமல் ஒருவர் லொறிக்கு மற்றவர் பாஸ். ஒருவர் வீட்டுக் கலியாணத்துக்கு மற்றவர் லொறியில்தான் கதிரை வரும்.

பாஸ் பிளக் மாற்றும் முறை

இனி வேலைக்கு வருவோம். இதை எழுதி வைக்காவிட்டால் இன்னும் பத்து வருடத்தில் சொல்ல ஆளிருக்காது.

எஞ்சின் ஆறும் வரை தொட மாட்டார்கள். முதலில் பிளக் வயர் ஆறுக்கும் அடையாளம். சோக் கட்டியால் எண் போடுவார்கள். எழுதத் தெரியாதவர் நூலில் ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு என்று கட்டுவார். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது, தொப்பியைப் பிடித்துத்தான் கழற்ற வேண்டும்.

அடுத்தது பலர் மறக்கும் வேலை. பிளக்கைச் சுற்றியுள்ள குழியில் மண்ணும் தூசும் நிறைந்திருக்கும். அப்படியே கழற்றினால் அது சிலிண்டருக்குள் விழுந்து சுவரைக் கீறும். சைக்கிள் பம்பால் காற்றடித்துச் சுத்தம் செய்த பிறகே ஸ்பானர். ஸ்பானர் நேராக நிற்க வேண்டும். சரிந்தால் பீங்கான் உடையும்.

கழற்றிய ஆறையும் பலகையில் வரிசை குலையாமல் வைப்பார்கள். நாடி பார்ப்பது இங்கேதான். வெளிர் மண்ணிறம் என்றால் எஞ்சின் சுகம். உலர்ந்த கரி என்றால் பெற்றோல் கூடுதல், கார்பரேட்டரைப் பார். ஈரக் கறுப்பு, எண்ணெய் என்றால் ரிங் தேய்ந்துவிட்டது, முதலாளியிடம் செலவு சொல்லு. வெளுத்து, முனை கருகி, கொப்புளம் போட்டிருந்தால் சூடு கூடுதல், அல்லது பெற்றோல் போதாது. ஆறில் ஒன்று மட்டும் வேறு நிறம் என்றால் நோய் அந்தச் சிலிண்டரில். ஆறும் ஒரே நிறம் என்றால் நோய் பொதுவானது. ஒரு ரிப்போர்ட்டும் இல்லாமல் நோயைச் சொல்லும் டொக்டர் மாதிரி.

புதுப் பிளக் இருந்தால் போடலாம். இல்லாவிட்டால் பழையதைப் பெற்றோலில் ஊறவிட்டு, ஈர்க்கால் கரியைச் சுரண்டி, சின்ன அரத்தால் கம்பி முனையைச் சதுரமாக்குவார்கள். உருண்டு தேய்ந்த முனையைவிடக் கூரான விளிம்பிலிருந்து பொறி இலகுவாகப் பாயும். அதனால்தான் அந்த அரம்.

பிறகு இடைவெளி. ஃபீலர் கேஜில் தேவையான தகட்டை எடுத்து நடுவில் விட வேண்டும். இழுக்கும்போது மெல்லிய பிடிப்புத் தெரிய வேண்டும். தகடு விழக் கூடாது, நெருக்கித் தள்ளவும் கூடாது. கூடினால் ஓரக் கம்பியை மெதுவாகத் தட்டு. குறைந்தால் அதையே மெதுவாக நிமிர்த்து. நடுக்கம்பியை ஒருபோதும் நெம்பக் கூடாது. நெம்பினால் உள்ளே பீங்கான் வெடிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் பொறி அந்த வெடிப்பால் ஓடித் தப்பிவிடும்.

கேஜ் இல்லாதவர் என்ன செய்தார்? இரும்பறுக்கும் ஹெக்சோ பிளேட். கையால் அறுக்கும் பிளேட்டின் தடிப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் 25. பல் இல்லாத முதுகுப் பக்கத்தை உள்ளே விட்டுப் பார்த்து, கொஞ்சம் தளர்வாகப் போனால் ஆயிரத்தில் 30 என்று கணக்கு. இந்தக் கணக்கை எந்தப் புத்தகத்திலும் நாம் படிக்கவில்லை, வாப்பாவின் கையில் பார்த்தோம். கொயில் பழசாகிப் பலம் குறைந்த லொறிக்கு இடைவெளியைக் கொஞ்சம் குறைத்து வைப்பார்கள். சின்ன இடைவெளிக்குச் சின்ன வோல்ட் போதும், ஏற்றத்தில் பொறி தப்பாது. ஆனால் மிகவும் குறைத்தால் பொறி சிறுத்து, நின்ற இடத்தில் எஞ்சின் நடுங்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் லொறிக்கு லொறி ஓர் அளவு உண்டு. அதை அறிந்தவரே பாஸ்.

பூட்டும்போது முதலில் கை விரலால்தான் சுற்ற வேண்டும். மறை கோணலாகப் பிடித்தால் எஞ்சின் ஹெட்டே பழுது. விரலுக்கு இறுகிய பிறகு, புது வாசர் என்றால் ஸ்பானரால் கால் சுற்றிலிருந்து அரைச் சுற்று. கடைசியில் வயர். ஆறு சிலிண்டருக்கு 1-5-3-6-2-4 என்ற ஒழுங்கு. பள்ளிக்கூடம் போகாத சாரதிகளும் இந்த ஆறு எண்ணை மனனமாகச் சொல்வார்கள்.

பெற்றோலும் அரசியலும்

1961இல் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் சட்டத்தால் உருவானது. அதைக் கொண்டு வந்த அமைச்சர் டி.பி. இலங்கரத்ன, நமது பாதை போய்ச் சேரும் ஹேவாஹெட்டத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் போனவர். ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் கம்பனிகளின் நிலையங்கள் அரசு வசமாகின. நட்ட ஈட்டுப் பிரச்சினையில் 1963இல் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. 1964 தொடக்கத்திலிருந்து எண்ணெய் விநியோகம் முழுவதும் கூட்டுத்தாபனத்தின் கையில். 1969இல் சபுகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது.

அதற்குப் பிறகுதான் கஷ்ட காலம். 1970களில் அந்நியச் செலாவணி இல்லை என்று இறக்குமதி இறுக்கப்பட்டது. 1973இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை சில மாதங்களில் மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. பாணுக்கு வரிசை, துணிக்குக் கூப்பன். அரிசியை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோகத் தடை. ரோட்டில் "ஹால் பொல்ல" என்ற தடைக் கம்பு. வயதானவர்களுக்கு நன்றாக ஞாபகமிருக்கும். லொறிக்குப் பிளக் வேண்டுமென்றால் கடையில் இல்லை. இருந்தாலும் நமக்கு இல்லை.

அப்போது நாம் நான்காம் வகுப்பு. வாப்பா ஓட்டிய பெட்ஃபர்ட், முதலாளி ஒருவருக்குச் சொந்தமானது. மாரஸ்ஸனப் பக்கமிருந்து கண்டிச் சந்தைக்கு மரக்கறி ஏற்றும். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போக முன்னர் வாப்பா ஆறு பிளக்கையும் கழற்றி, கழுவி, பலகையில் காய வைத்திருந்தார். வாப்பா பள்ளிக்குப் போன நேரம், உதவி செய்வதாக நினைத்து நாம் ஹெக்சோ பிளேட்டை எடுத்தோம். அது ஒரு பிளக்கில் உள்ளே போகவில்லை. ஆணியொன்றால் நடுக்கம்பியை நெம்பினோம். "டிக்" என்று ஒரு சத்தம். பார்த்தால் ஒன்றுமில்லை. துடைத்து அதே இடத்தில் வைத்துவிட்டோம். யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த நாள் விடிய முன்னர் பாரம் ஏற்றி வந்த லொறி ஏற்றத்தில் தப்பு அடித்தது. ஐந்து சிலிண்டரில், முதலாம் கியரில், வழியில் இரண்டு தடவை கட்டை போட்டு நிறுத்தி வந்து சேர்ந்தபோது சந்தை முடியும் நேரம். வாடிய கோவாவை வந்த விலைக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. முதலாளி வாப்பாவின் கூலியில் பிடித்தார்.

பின்னேரம் வாப்பா பிளக்கைக் கழற்றி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நம்மைப் பார்த்தார். நம் முகமே சாட்சி சொல்லியிருக்கும். அடி விழும் என்று நின்றோம். அவர் எறிந்து போட்ட பழைய பிளக்குகளின் டின்னைக் கொண்டு வரச் சொன்னார். அதில் தேறக்கூடிய ஒன்றைத் தெரிந்து நமது கையில் தந்தார்.

"மகன், நடுவில ஈக்கிறதத் தொடப்படாது. அது பீங்கானோட ஒட்டினது. வளைக்கோணுமெண்டா ஓரத்தில ஈக்கிறதத்தான் வளைக்கோணும். மெதுவா. ஒடச்சா சொல்லிப் போடோணும். சொல்லாட்டி ரோட்டில ஆள் சாகும்."

அன்று மஃரிப் வரை அந்தப் பிளக்கை நாமே சுரண்டி, தட்டி, பிளேட் போட்டுப் பார்த்துச் சரிக்கட்டினோம். ஏழெட்டுத் தடவை பிழைத்தது. அது அந்த லொறியில் பல மாதம் ஓடியது. இருந்தும் பாடசாலையில் "வாப்பா யாபாரம்" என்றே சொல்லிக்கொண்டோம். அந்தப் பொய்தான் இன்றும் நமக்குச் சுடுகிறது.

பொறி இல்லாத லொறி

1977இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்தது. ஜப்பான் டீசல் லொறிகள் வந்தன: இசூசு, கென்டர், டைனா. டீசல் எஞ்சினில் பொறிப் பிளக் இல்லை. காற்றை இறுக்கி அழுத்தினால் வரும் சூட்டிலேயே டீசல் பற்றும். சிலர் "டீசலிலும் பிளக் இருக்கிறதே" என்பார்கள். அது ஹீட்டர் பிளக். குளிரில் ஸ்டார்ட் பண்ணச் சூடு கொடுப்பது மட்டுமே அதன் வேலை. அதற்கு இடைவெளியும் இல்லை. உழைப்புக்கும் செலவுக்கும் டீசல் நல்லது. பழைய பெட்ஃபர்ட் வைத்திருந்தவர்களும் பெற்றோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். பெற்றோல் லொறியின் காலம் எங்கள் மலையில் சத்தமில்லாமல் முடிந்தது.

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. அந்தக் காலப் பெற்றோலில் ஈயம் கலந்திருந்தது. எஞ்சின் தட்டாமல் ஓட 1920களிலிருந்து உலகம் முழுவதும் கலந்தார்கள். பிளக்கில் படிந்த படிவில் ஈயமும் இருந்தது. அதைத்தான் நம் பாஸ்மார் வாயால் ஊதி, விரலால் சுரண்டி, அதே கையால் சோறு தின்றார்கள். இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002இல்தான் நின்றது. அந்தத் தலைமுறையின் உடம்பில் அது என்ன செய்தது என்று யாரும் கேட்டதில்லை. இன்று இந்த வேலை செய்யும் தம்பிமார் குறைந்தபட்சம் சாப்பிட முன்னர் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

பிறகு 2022 வந்தது. எரிபொருள் வரிசை, கியூ.ஆர். பாஸ், டொலர் இல்லை, பாகம் இல்லை. புது வாகன இறக்குமதி 2020 மார்ச்சிலிருந்தே நின்றிருந்தது. எங்கள் ஊர் த்ரீவீல் தம்பிமார் பழைய பிளக்கைத் தூக்கிக்கொண்டு பெரியவர்களைத் தேடிப் போனார்கள். ஈர்க்கும் அரமும் ஹெக்சோ பிளேட்டும் நாற்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு வெளியே வந்தன. அப்போது ஒரு பெரியவர் நம்மிடம் சொன்னார்: "சேர், எங்கட வேல செத்துப் போச்சி எண்டு நெனச்சன்."

நமது வேண்டுகோள்

அந்த மகனுக்கு மதிப்பெண் போடவில்லை. "வாப்பாவிடம் கேட்டுத் திரும்ப எழுதுங்கள்" என்று கொப்பியைத் திருப்பிக் கொடுத்தோம். அடுத்த கிழமை மூன்று பக்கம் வந்தது. அப்பாவின் ஃபீலர் கேஜையும் கடதாசியில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார். துருப்பிடித்து, எண்கள் பாதி அழிந்து போயிருந்தன. வகுப்பில் எல்லோரும் வாங்கித் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு பிள்ளை கேட்டது: "சேர், இது வரலாறா, விஞ்ஞானமா?" இரண்டும் என்றோம்.

பெற்றோரிடம் ஒன்று. பிள்ளைக்கு உங்கள் தொழிலைச் சொல்லிக் கொடுங்கள். தொழிலைப் பிள்ளை செய்ய வேண்டும் என்பதில்லை, தெரிந்திருக்க வேண்டும். ஹலாலான உழைப்பில் வெட்கப்பட எதுவுமில்லை. சான்றிதழ் இல்லாமல் நாற்பது வருடம் வேலை செய்த பாஸ்மாருக்கு ஒன்று. அனுபவத்தைப் பரிசோதித்து என்.வி.கியூ. சான்றிதழ் கொடுக்கும் வழி நாட்டில் இருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையத்தில் விசாரியுங்கள். படிவம் நிரப்ப எழுத்துதவி தேவையென்றால் பாடசாலை விட்ட பிறகு நம்மிடம் வாருங்கள்.

பழைய லொறியின் ஃபோட்டோ, சாரதி அனுமதிப் பத்திரம், பெற்றோல் துண்டு, ஒரு ஸ்பானர் என்று எது உங்கள் வீட்டில் இருந்தாலும் வீசிவிடாதீர்கள். நமக்குச் சொல்லுங்கள். பிள்ளைகளை அனுப்பி எழுதி எடுப்போம். நாம் எழுதியதில் பிழை இருந்தால் தயங்காமல் திருத்துங்கள்.

இந்தப் பாதையில் உழைத்து மறைந்த அனைவருக்காகவும் அவரவர் முறையில் பிரார்த்தியுங்கள். நமது வாப்பாவுக்கும் ஒரு துஆ கேளுங்கள்.

வஸ்ஸலாம்.